கலியுகத்துக்குக் காத்திருப்போர்

புனே நகரில் இயங்கும் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் 2020-ஆம் ஆண்டு ‘ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்’ என்ற காணொளி விளையாட்டை வெளியிட்டது. ரக்ஷாபந்தன் திருநாளில் அசுரர்கள் குழந்தைகளைக் கவர்ந்து செல்கின்றனர். சர்க்கஸ் கலைஞரான ராஜி என்னும் சிறுமி, தன் தம்பி கோலுவைத் தேடித் திரிசூலத்துடன் புறப்படுகிறாள். துர்க்கையும் திருமாலும் அவள் கதையை நமக்குச் சொல்லிக்கொண்டே வருகின்றனர். ராஜஸ்தானத்து அரண்மனைகளைப் போன்ற மாடங்கள், பஹாடி ஓவியங்களை நினைவூட்டும் வண்ணங்கள், இடையிடையே நிழற்பாவைக் காட்சிகள் என்று அதன் தோற்றம் முழுவதும் நம் நாட்டினுடையது. அவ்வாண்டின் ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பரிந்துரைப் பட்டியலில் அதுவும் இடம்பெற்றது.

ஆனால் அதன் கதை நிறைவு பெறவில்லை. ஆடி முடித்தவர்கள் அனைவரும் ஒரே குரலில் கேட்ட கேள்வி, ‘பிறகு என்ன?’ என்பதே. ஐந்தாண்டுகள் கழித்து, 2025-இல், ‘ராஜி: கலியுகா’ என்ற பெயரில் அடுத்த பாகம் அறிவிக்கப்பட்டது. அன்று முதல் கிழக்கேகோட்டையில் உள்ள நம் கிளைக்குப் பெற்றோருடன் வரும் பிள்ளைகள் சிலரின் பேச்சில் அப்பெயர் அடிபடத் தொடங்கிற்று. ஒரு விளையாட்டைப் பற்றி வங்கி இதழில் என்ன எழுதுவது என்று வாசகர்கள் எண்ணக்கூடும். காத்திருத்தலும் முன்பணமும் நம் தொழிலுக்கு மிக நெருங்கியவை. அதனால் எழுதத் துணிந்தோம்.

கண்டிப்பாக வகை பிரித்தால் ‘ராஜி’ ஒரு சாகச விளையாட்டு. பாத்திரமேற்று ஆடும் பெருங்கற்பனை விளையாட்டுகள் இதனினும் விரிந்தவை. அவற்றில் ஆடுபவரே ஒரு வேடம் பூண்டு, அதன் குணத்தையும் ஆற்றலையும் சிறிது சிறிதாக வளர்த்து, நூறு மணி நேரத்துக்கு மேலும் ஓர் உலகில் உலவுவார். அத்தகைய விளையாட்டுகளின் அடுத்த பாகத்துக்குக் காத்திருப்பவர்களின் பொறுமை வியப்புக்குரியது. ‘ஸ்கைரிம்’ 2011 நவம்பர் 11 அன்று வெளிவந்தது. அந்த ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ வரிசையின் ஆறாம் பாகம் வரும் என்று 2018 ஜூன் மாதம் ஒரு சிறு முன்னோட்டத்துடன் அறிவித்தார்கள். இதை எழுதும் வரை அது கடைக்கு வரவில்லை. ‘பால்டர்ஸ் கேட்’ வரிசையின் இரண்டாம் பாகம் 2000-இல் வந்தது. மூன்றாம் பாகம் முழுமையாக வெளிவந்தது 2023 ஆகஸ்டு 3 அன்று. அந்த மூன்றாம் பாகத்தை 2020 அக்டோபரிலேயே, பணி முடியாத நிலையில், முழு விலைக்கு விற்கத் தொடங்கியிருந்தனர். வாங்கியவர்கள் ஏறத்தாழ மூன்றாண்டுகள் அரைகுறைப் பதிப்பை ஆடிக் குறை சொல்லித் திருத்த உதவினர். வைப்பு முதிர்வதற்கு முன்பே அதன் பயனைச் சிறிது சுவைக்கும் ஏற்பாடு என்று இதனைச் சொல்லலாம். இங்கே முதிர்வுத் தொகை நன்றாகவே அமைந்தது.

காத்திருத்தல் கிழக்கேகோட்டைக்குப் புதிதன்று. பத்மநாபசுவாமி கோயிலின் எதிரே மேத்தன் மணி மணிக்கொரு முறை அடிக்கும்போது, இரண்டு ஆட்டுக்கிடாய்கள் ஒரு தாடிக்காரரின் கன்னத்தில் வந்து முட்டுவதைப் பார்க்க இன்றும் மக்கள் அண்ணாந்து நிற்கின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இயந்திர விளையாட்டு அது. அதனினும் பொருத்தமானது கதகளி. கோயில் திருவிழாக்களில் நாடகசாலையில் கதகளி ஆடும் மரபு இங்குண்டு. உண்ணாயி வாரியரின் நளசரிதம் ‘நான்கு நாள்’ எனப் பகுக்கப்பட்டது. இரண்டாம் நாள் கதையில் புஷ்கரனுடன் சூதாடி நாட்டை இழந்த நளன், காட்டில் தமயந்தியையும் பிரிந்து போகிறான். மூன்றாம் நாளில் கார்க்கோடகன் தீண்டி உருமாறிப் பாகுகன் ஆகிறான். நான்காம் நாளில்தான் இருவரும் சேர்கின்றனர். இரண்டாம் நாள் ஆட்டத்தைக் கண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்த நம் பாட்டன்மாரும் ‘பிறகு என்ன?’ என்று கேட்டவர்கள்தாம்.

நளனைக் கெடுத்தவன் கலி. புதிய விளையாட்டின் பெயரிலும் அவன் யுகம் இருக்கிறது. தற்செயலே எனினும், கோட்டைக்குள் வளர்ந்த பிள்ளைக்கு அப்பெயர் வெறும் ஒலியாக இராது. (முதல் பாகத்தின் அசுரர் தலைவன் பெயர் மகாபலாசுரன். ஓணம் கொண்டாடும் ஊரில் இதைக் கேட்டுச் சிலர் புருவம் உயர்த்தினர். அவன் வேறு, நம் மாவேலி வேறு என்று பிள்ளைகளே விளக்கம் சொன்னார்கள்.)

இனிப் பணத்துக்கு வருவோம். ‘ராஜி’ உருவான வரலாறே ஒரு நிதிப் பாடம். தொடக்கத்தில் அந்நிறுவனம் கிக்ஸ்டார்ட்டர் தளத்தின் வழியே பொதுமக்களிடம் நிதி திரட்ட முயன்றது, இலக்கை எட்டவில்லை. அத்தளத்தின் விதிப்படி, குறித்த நாளுக்குள் இலக்குத் தொகை சேராவிட்டால் ஆதரவளித்த எவரிடமிருந்தும் பணம் பிடிக்கப்படாது. ஆதரவாளர்களுக்கு நட்டமில்லை, நிறுவனத்துக்கோ கையில் ஒன்றுமில்லை. நிறுவனர் ஒருவர் தம் அடுக்ககத்தை விற்றுப் பணியைத் தொடர்ந்ததாக அவர்களே பின்னர் கூறினர். அதன்பின்னரே வெளிநாட்டு மானியமும் வெளியீட்டாளரும் கிட்டினர். வீட்டை விற்றுத் தொழில் செய்யும்படி எந்த வாடிக்கையாளருக்கும் நாம் அறிவுரை கூறமாட்டோம். ஆயினும், ஒரு கலைப் பொருளின் பின்னால் எவ்வளவு பெரிய பொறுப்பு நிற்கிறது என்பதைப் பிள்ளைகள் அறிவது நல்லது. திருட்டுப் பிரதி இறக்கம் செய்யும் முன் ஒரு கணம் அது நினைவுக்கு வரக்கூடும்.

இலக்கு எட்டினால் மட்டுமே பணம் என்பது ஒரு முறை. முன்பதிவு வேறு முறை. முன்பதிவில் பொருள் வரும் முன்பே முழு விலையும் கைமாறுகிறது. ‘சைபர்பங்க் 2077’ என்ற விளையாட்டுக்கு, 2020 டிசம்பர் 10 அன்று வெளியாகும் முன்பே எண்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் முன்பதிவு செய்திருந்தனர். பழைய கருவிகளில் அது ஓடிய இலட்சணத்தைக் கண்டு, சோனி நிறுவனம் பத்து நாள்களுக்குள் தன் இணையக் கடையிலிருந்து அதனை நீக்கிப் பணத்தையும் திருப்பித் தந்தது. அடுத்த ஆண்டு ஜூன் மாதமே அது மீண்டும் அங்கு விற்பனைக்கு வந்தது. அங்கே வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பியது, வலுவான கடை ஒன்று நடுவில் நின்றதனால். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்திலும் இத்தகைய விதி உண்டு: முன்பதிவு செய்ததை வெளியீட்டுக்கு முன் எந்நாளிலும் திருப்பலாம், வெளிவந்த பின், 14 நாள்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் திருப்பலாம். ஆக, முன்பதிவு செய்வோர் முதலில் கேட்க வேண்டியது விலையை அன்று. யாரிடம் செலுத்துகிறோம், திரும்பப் பெற வழி உண்டா என்பதையே.

இதனை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சாலைக் கடைத்தெருவில் மளிகை மொத்த வணிகம் செய்யும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் நம் நெடுநாள் வாடிக்கையாளர். ஒருநாள் காலை, கிளை திறக்குமுன்பே பன்னிரண்டாம் வகுப்பு பயிலும் மகனுடன் வாயிலில் நின்றார். காத்திருந்த விளையாட்டின் ‘முன்னோட்டப் பதிப்பு’ பாதி விலைக்குக் கிடைக்கும் என்று பையனுக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது. தந்தையின் கைப்பேசியிலிருந்து 1,999 ரூபாய் அனுப்பினான். விளையாட்டு வரவில்லை. கேட்டபோது, ‘பணத்தைத் திருப்பித் தருகிறோம், இந்தக் கியூஆர் குறியை ஸ்கேன் செய்யுங்கள்’ என்றனர். செய்தான், பின் எண்ணையும் இட்டான். மேலும் 14,500 ரூபாய் போயிற்று.

“பணம் போனாப் போவுது சார், பய ராத்திரி பூரா ஒறங்கல. எங்கிட்டச் சொல்லவே விடிஞ்சி போச்சி” என்றார் அவர்.

“அண்ணாச்சி, முதல்ல ஃபோனக் குடுங்க. பேச்சு பெறவு” என்று சொல்லி, 1930 என்ற எண்ணை அழைத்துப் புகாரைப் பதிவு செய்ய வைத்தோம், நம் பக்கத்திலும் உடனே பதிவு செய்தோம். இரண்டாவது தொகையில் ஒரு பகுதி, பெற்றவர் கணக்கில் எஞ்சியிருந்ததால் முடக்கப்பட்டது. எஞ்சியது முந்தைய இரவே வேறு கணக்குகளுக்குப் பறந்துவிட்டது. மகன் இரவிலேயே சொல்லியிருந்தால் இன்னும் கூடுதலாகத் தடுத்திருக்கலாம் என்பதை அவன் முன்னிலையில் நாம் சொல்லவில்லை. அவனுக்கே தெரிந்திருந்தது.

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கையை வாடிக்கையாளர்கள் பலர் பாதியளவே அறிவர். வங்கியிடமோ வாடிக்கையாளரிடமோ தவறில்லாமல் இடையில் எங்கோ நேர்ந்த மோசடியை மூன்று வேலைநாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. ஆனால் தாமே பின் எண்ணையோ ஓ.டி.பி.யையோ கொடுத்துவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நேர்ந்த இழப்பு வாடிக்கையாளரையே சாரும். தெரிவித்த பின் நேர்வது வங்கியின் பொறுப்பு. எனவே ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் வரும். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் எண் ஒருபோதும் தேவையில்லை என்பதை வீட்டில் உள்ள அனைவரும், முக்கியமாகப் பிள்ளைகள், அறிந்திருக்க வேண்டும். பிள்ளை தவறு செய்தால் அச்சமின்றி உடனே வந்து சொல்லக்கூடிய வீடாக அது இருக்க வேண்டும் என்பது சுற்றறிக்கையில் இல்லை; அண்ணாச்சியிடம் கற்றோம்.

வெளிநாட்டுத் தளங்களில் வாங்குவோர் அட்டையின் அமைப்பையும் ஒருமுறை பார்த்துக்கொள்க. 2020 முதல் புதிய அட்டைகள் உள்நாட்டு ஏ.டி.எம்., கடை இயந்திரம் ஆகியவற்றுக்கு மட்டுமே திறந்த நிலையில் வழங்கப்படுகின்றன. வெளிநாட்டுப் பரிமாற்றத்தை நம் செயலியில் நீங்களே திறக்கலாம், மூடலாம், உச்சவரம்பும் வைக்கலாம். வாங்கும் நாளில் திறந்து, வாங்கியதும் மூடிவிடுவது நல்ல பழக்கம். மாதச் சந்தா கேட்கும் விளையாட்டுகளில் 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. கேட்காமலே பிடிக்கப்படலாம். ஆனால் 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு வரும். அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடுபவர்களே பின்னர் கவுண்டரில் வந்து வியக்கிறார்கள்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. விலை கொடுத்து ஒரு விளையாட்டை வாங்குவது வேறு. பணத்தைப் பந்தயமாக வைத்து, பணத்தை வெல்லும் ஆசையில் ஆடுவது வேறு. பின்னதை 2025 ஆகஸ்டு 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற இணையவழி விளையாட்டுச் சட்டம் தடை செய்கிறது. அதற்கான பணப் பரிமாற்றத்தை வங்கிகள் நடத்திக் கொடுப்பதும் குற்றமாகும். புஷ்கரனின் பகடைக்கு இனி நம் வழியே பணம் செல்லாது. மின் விளையாட்டுப் போட்டிகளுக்கும் ‘ராஜி’ போன்ற பொழுதுபோக்கு விளையாட்டுகளுக்கும் இத்தடை இல்லை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிப் பிள்ளைகளைக் கடியும் பெற்றோரையும் காண்கிறோம். அது நியாயமன்று என்பதே நம் கருத்து.

அண்ணாச்சியின் மகன் அடுத்த மாதம் தானாகவே வந்து ஒரு தொடர்வைப்புக் கணக்குக் கேட்டான். பத்து வயது நிரம்பிய சிறார், வங்கி வகுத்த வரம்புக்குள் தாமே சேமிப்பு மற்றும் தவணை வைப்புக் கணக்குகளைத் தொடங்கி நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் தெளிவுபடுத்தியிருந்தது வசதியாயிற்று. மாதம் 500 ரூபாய், பன்னிரண்டு மாதம். ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டி எனக் கொண்டால் முதல் 6,000 ரூபாயும், அதன்மேல் ஏறக்குறைய இருநூறு ரூபாயும் வரும். “வட்டி இவ்வளவுதானா சார்?” என்றான். இவ்வளவுதான் என்றோம். கையெழுத்திட்டான். தந்தை தரும் கைச்செலவுப் பணத்திலும், மாலை நேரத்தில் கடையில் கணக்கெழுதிப் பெறும் கூலியிலும் கட்டுகிறான்; இதுவரை ஒரு தவணையும் தவறவில்லை.

முதிர்வு நாளுக்குள் விளையாட்டு வெளிவராவிட்டால் என்ன செய்வது என்று போன வாரம் கேட்டான். தொகையை எடுக்காமல் அப்படியே நிலைவைப்பாக மாற்றிக்கொள்ளலாம். அதற்கான படிவம் கிளையிலேயே உள்ளது. பெரியவர்களானால் செயலியிலும் செய்யலாம்.