பொன்மணி ஒலிக்காத நாள்

பழங்கால இஸ்ரவேலரின் பிரதான ஆசாரியர் நடந்தால் மணிச் சத்தம் கேட்கும். அவருடைய நீல அங்கியின் கீழ் ஓரத்தில் ஒரு பொன்மணி, ஒரு மாதுளை வடிவத் தொங்கல் என்று மாறி மாறி வைக்கச் சொல்கிறது பைபிளின் யாத்திராகமம். மார்ப்பதக்கத்தில் 12 கற்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கோத்திரத்தின் பெயர். மோசேயின் அண்ணன் ஆரோனில் தொடங்கிய பதவி இது.

ஆனால் ஆண்டில் ஒரு நாள் இந்த அலங்காரமெல்லாம் ஒதுங்கிவிடும். பாவநிவர்த்தி நாளான யோம் கிப்பூர் அன்று, வேறு யாரும் நுழையக்கூடாத, ஆலயத்தின் மகா பரிசுத்த இடத்துக்குள் அவர் தனியாகப் போவார். அப்போது உடுப்பது வெறும் வெள்ளை லினன் துணி. பொன் இல்லை, மணி இல்லை. மக்களுக்காக மன்னிப்பு கேட்கும் முன், தனக்கும் தன் வீட்டாருக்குமாக ஒரு காளையைப் பலியிட்டாக வேண்டும். அவரும் பாவம் உள்ள மனிதர்தானே! முந்தைய இரவு அவர் கண்ணயர்ந்தால், இளம் ஆசாரியர்கள் விரலைச் சொடுக்கி எழுப்புவார்கள் என்கிறது யூதர்களின் மிஷ்னா நூல்.

ரோமர் ஆட்சியில் நெஞ்சை வருத்தும் ஒன்று நடந்தது. பொன்மணிகள் தொங்கும் அந்தத் திருவுடை எருசலேமின் அந்தோனியா கோட்டையில் ரோமர் காவலில் பூட்டிவைக்கப்பட்டது. பண்டிகை வந்தால் வாங்கிக்கொள்ளலாம். முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். பின்னர் சிரியாவின் ரோம ஆளுநர் விட்டெல்லியஸ்தான் அதை ஆசாரியர்களிடமே ஒப்படைத்தார். கி.பி. 70இல் ரோமர் எருசலேம் ஆலயத்தை அழித்தார்கள். அதன்பின் யூதர்களுக்குப் பிரதான ஆசாரியர் என்று ஒருவர் வரவேயில்லை.