சானிடைசருக்கே டிமிக்கி கொடுக்கும் வேர்க்கடலை! தெரியுமா?

அமெரிக்காவில் ஏறத்தாழ 13 குழந்தைகளில் ஒருவருக்கு உணவு அலர்ஜி! அப்படியானால், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் 'ஹோம் டே கேர்' பெண்மணி எத்தனை விஷயங்களைக் கவனிக்க வேண்டும், தெரியுமா?

★ சாப்பிட்ட கைக்குச் சானிடைசர் போதும் என்று நினைக்கிறீர்களா? பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் கைகளில் வேர்க்கடலை வெண்ணெயைப் பூசிச் சோதித்தார்கள். சானிடைசர் போட்ட 12 கைகளில் ஆறில் கடலைப் புரதம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது! வெறும் தண்ணீரில் கழுவியவற்றில் மூன்றில்! சோப்புப் போட்டுக் கழுவியதும்? ஒன்றில்கூட இல்லை!

★ பிள்ளைகள் உருட்டி விளையாடும் வண்ண மாவு 'பிளே-டோ'வில் கோதுமை இருக்கிறது, தெரியுமா? கோதுமை அலர்ஜி உள்ள குழந்தை அந்தக் கையை வாயில் வைத்தால் ஆபத்து!

★ முந்திரியும் பிஸ்தாவும் நெருங்கிய சொந்தம்! ஒன்று ஒத்துக்கொள்ளாத குழந்தைக்குப் பெரும்பாலும் மற்றதும் ஆகாது!

★ அமெரிக்க உணவு லேபிள்களில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய அலர்ஜிப் பொருள்கள் 9. ஒன்பதாவதாக 2023 ஜனவரி 1 முதல் சேர்ந்தது எது தெரியுமா? நம்ம எள்! அங்குள்ள தமிழ்க் குழந்தையின் டிபன் டப்பாவைத் திறந்து பாருங்கள். இட்லிப் பொடியில் எள், அதைக் குழைத்தது நல்லெண்ணெய்!

★ "நாக்குல முடி இருக்கு", "காதுக்குள்ள பூச்சி ஓடுது" என்று குழந்தை சிணுங்குகிறதா? விளையாட்டுப் பேச்சு என்று விட்டுவிடாதீர்கள்! அலர்ஜி தொடங்குவதைச் சின்னஞ்சிறுசுகள் இப்படியும் சொல்லும்!

★ "போன தடவை சாப்பிட்டானே, ஒன்றும் ஆகலையே!" என்கிறீர்களா? பிரெஞ்சு விஞ்ஞானி சார்ல் ரிஷே, நெப்டியூன் என்ற நாய்க்குக் கடல் அனிமோன் நஞ்சைச் சிறிதளவு செலுத்தினார். ஒன்றும் ஆகவில்லை. சில வாரம் கழித்து மறுபடி செலுத்தினார். அரை மணிக்குள் நாய் இறந்துவிட்டது! அனாஃபிலாக்சிஸ் எனும் இந்த விபரீத ஒவ்வாமையைக் கண்டறிந்ததற்காக 1913-இல் அவருக்கு நோபல் பரிசு!

★ கடும் அலர்ஜிக்கு உடனே போடும் அவசர ஊசிதான் எபிபென். 15 முதல் 30 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அதில் எவ்வளவு மருந்து? வெறும் 0.15 மில்லிகிராம் எபிநெஃப்ரின்! கால்சட்டையின் மேலாகவே தொடையில் குத்தலாம்!

★ ஊசி போட்டதும் சரியாகிவிட்டதா? சில குழந்தைகளுக்குச் சில மணி நேரம் கழித்து, எதுவும் சாப்பிடாமலேயே மறுபடி வரும்! அதனால்தான் ஊசி போட்ட கையோடு ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்கிறார்கள்!

★ 2017-இல் நியூயார்க்கில் பால் அலர்ஜி உள்ள 3 வயதுச் சிறுவனுக்குக் காப்பகத்தில் சீஸ் சாண்ட்விச் கொடுத்துவிட்டார்கள். அவன் பிழைக்கவில்லை. டே கேர்களில் அலர்ஜிப் பாதுகாப்புக்காக 2019-இல் அந்த மாநிலம் கொண்டுவந்த சட்டம் அவன் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பெற்றோர்களே! குழந்தைக்கு ஆகாத உணவுகளை எழுதிக் கொடுங்கள். மருத்துவர் தந்த அவசரத் திட்டத்தையும் ஊசியையும் சேர்த்தே ஒப்படையுங்கள். டே கேர் நடத்துபவர்களே! ஊசி எங்கே இருக்கிறது என்பது வீட்டில் உள்ள பெரியவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கட்டும்!