தனிமையில் தவிக்கும் நாய்

நாய் கூடி வாழும் பிராணி. அதை வளர்ப்பவர்கள்தான் அதற்குக் கூட்டம். அவர்கள் எல்லோரும் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டால், சில நாய்கள் தவித்துப் போகும்.

இதை எப்படி அறிவது? நாய் விடாமல் ஊளையிடும். கதவைப் பிறாண்டும். செருப்பைக் கடித்துக் குதறும். வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழிக்கும். பெரும்பாலும் ஆள் வெளியே போன அரை மணி நேரத்துக்குள் இது தொடங்கிவிடும்.

2020-இல் கொரோனா ஊரடங்கு வந்தது. நாடு முழுவதும் மக்கள் வீட்டிலேயே இருந்தார்கள். அப்போது வளர்ந்த குட்டிகள் பல, தனியாக இருந்து பழகவில்லை. வீடு மாறினாலும், வீட்டில் ஒருவர் பிரிந்து போனாலும் நாய் இப்படித் தவிக்கலாம்.

மாலையில் வீடு திரும்பினால் செருப்பு கிழிந்து கிடக்கிறது. பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள். வீட்டுக்காரர் கம்பை எடுக்கிறார். நாய் தலை குனிந்து நிற்கிறது. "செய்த தப்பு அதற்கே தெரிகிறது" என்கிறார்.

அது உண்மையா? அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைச் சோதித்தார். 2009-இல் முடிவை வெளியிட்டார். தப்பே செய்யாத நாயும், திட்டு வாங்கியபோது அப்படித்தான் நின்றது. ஆகவே அது குற்ற உணர்வு அல்ல. எதிரே நிற்பவரின் கோபத்தைக் கண்ட பயம். அடித்தால் பயம் கூடும். தவிப்பும் கூடும்.

பிறகு என்ன செய்யலாம்?

வேலைக்குப் போகும் முன் நாயை வெளியே நடத்திக் கூட்டிச் செல்லுங்கள். பிறகு உணவும் தண்ணீரும் வையுங்கள். களைத்த நாய் படுத்து உறங்கும்.

சாவியை எடுத்தாலே சில நாய்கள் பதறும். சாவியை எடுங்கள். வெளியே போகாமல் உட்காருங்கள். இப்படிப் பல முறை செய்தால் பதற்றம் குறையும்.

தனிமையைச் சிறிது சிறிதாகப் பழக்குங்கள். முதலில் ஒரு நிமிடம் வெளியே நில்லுங்கள். நாய் பதறும் முன் உள்ளே வாருங்கள். அடுத்து 2 நிமிடம். பிறகு 5 நிமிடம். இதற்குப் பல வாரங்கள் ஆகலாம். அதுவரை நாயைத் தெரிந்தவர் வீட்டில் விட்டுச் செல்வது நல்லது.

போகும்போதும் வரும்போதும் அதிகம் கொஞ்ச வேண்டாம். அமைதியாகப் போய் வாருங்கள்.

அப்படியும் தவிப்பு குறையவில்லையா? கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இதற்கு மருந்தும் உண்டு.

தொல்லை என்று நாயைத் தெருவில் விட்டுவிடாதீர்கள். தக்க காரணம் இன்றி, பசியால் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம். 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் அப்படிச் சொல்கிறது. தனிமைக்குப் பயந்த நாய்க்குத் தெரு இன்னும் பெரிய தனிமை.