'கோட்டா' என்னும் பாட்டு

மேனாட்டு 'ராக்' இசை என்றாலே வெறும் இரைச்சல் என்று ஒதுக்கிவிடும் பெரியவர்கள் பலர். அமராவதி அணையின் நீரோசையில் பழகிய என் செவிக்கும் அது எளிதில் இணங்குவதன்று. ஆயினும், மாணவர்கள் பொருளுணர்ந்து கேட்கத்தக்க பாட்டு ஒன்று அவ்வகையில் உண்டு. 'கோட்டா' என்பது அதன் பெயர்.

இதனைப் பாடியவர்கள் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் சென்னை இசைக்குழுவினர். திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய இக்குழு, 2018 சனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறியது. பெயர் ஆங்கிலம், அதன் மூலமோ அயோத்திதாசப் பண்டிதர் நூறாண்டுகளுக்கு முன்பே வழங்கிய 'சாதிபேதமற்ற' என்னும் தமிழ் வழக்கு. கிதாரோடு வடசென்னைக் கானாவும் பறையும் அங்கே கூடின. சாவுக்கும் ஊர் ஏவலுக்கும் உரியதென்று ஒதுக்கப்பட்டிருந்த பறை மேடையின் நடுவே முழங்கியது. பாட்டுத் தொடங்குமுன்பே இது ஒரு வாதந்தான்.

சரி, பாட்டின் பொருள் யாது? இட ஒதுக்கீட்டைச் சலுகையென இகழ்வோருக்கு மறுமொழி. "நீ கோட்டாவில் வந்தவன்தானே" என்று ஒரு மாணவன் மற்றொருவனை நோக்கிக் கூறியதை நான் வகுப்பில் கேட்டதுண்டு. அப்பிள்ளை அன்று முழுதும் தலை நிமிரவில்லை. வசையாக எறியப்படும் அச்சொல்லையே தலைப்பாக்கி உரக்கப் பாடுகிறார்கள். சிலருக்கு இது உறுத்துவதில் வியப்பில்லை.

அச்சொல்லின் பின்னே நம் மாநிலத்தின் நெடிய வரலாறு நிற்கிறது. 1921-இல் நீதிக்கட்சி ஆட்சியில் வகுப்புவாரி ஆணை பிறந்தது. 1951-இல் செண்பகம் துரைராசன் வழக்கில், கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பங்கிட்ட ஆணை செல்லாதென உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிளர்ச்சி மூண்டது. அவ்வாண்டிலேயே அரசமைப்பின் முதல் திருத்தம் 15(4) என்னும் உட்பிரிவைச் சேர்த்தது. நடைமுறைக்கு வந்து ஒன்றரை ஆண்டு நிறையுமுன் நாட்டின் அரசமைப்பே திருத்தப்பெற்றது. அதற்கு ஒரு காரணம் நம் சென்னை மாகாணத்துக் கல்லூரி இடங்கள்! 1992-இல் உச்ச நீதிமன்றம் 50 விழுக்காடு வரம்பை வகுத்தது. 1994-இல் தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டுச் சட்டம் ஒன்பதாம் அட்டவணையில் இடம்பெற்றது.

இவ்வளவையும் பாட்டு விளக்காது. விளக்க வேண்டியதும் இல்லை. விழுக்காட்டுக் கணக்குக்கு வகுப்பறை இருக்கிறது. தகுதி பேசுவோர், எழுத்தே மறுக்கப்பட்ட தலைமுறைகளைக் கணக்கில் சேர்த்தார்களா என்னும் கேள்வியைத்தான் அது நம்முள் எழுப்புகிறது. முதன்முறை கேட்கையில் முழக்கம் சொற்களை விழுங்கிவிடும். இரண்டாம் முறையும் கேளுங்கள்; வடசென்னைப் பேச்சு அப்போதுதான் பிடிபடும்.