சர்க்கரையின் யாத்திரை

ஸ்பெயின் தேசத்துக் கடையில் சர்க்கரை வாங்க வேண்டுமானால் 'அஸூகார்' என்று கேட்க வேண்டும். வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவன் எழுந்து, "ஸார், இங்கிலீஷில் 'ஷுகர்' என்றுதானே சொல்கிறார்கள்? இதில் மாத்திரம் முன்னால் 'அ' எப்படி வந்தது?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அந்த ஓர் எழுத்தில் ஏறக்குறைய 800 வருஷத்துச் சரித்திரம் அடங்கியிருக்கிறது.

கி.பி. 711-ல் முஸ்லிம் சேனை வட ஆப்பிரிக்காவிலிருந்து கடலைத் தாண்டி ஸ்பெயினில் இறங்கிற்று. 1492-ல் கிரானடா நகரம் வீழும் வரையில் அங்கே அரபு பாஷை வழங்கி வந்தது. கரும்புச் சாகுபடியும் அவர்களோடு வந்ததுதான். அரபு பாஷையில் சர்க்கரைக்கு 'ஸுக்கர்' என்று பெயர். இங்கிலீஷில் 'தி' சேர்ப்பதுபோல் அரபியில் பெயருக்கு முன் 'அல்' சேர்ப்பார்கள். ஸகரத்துக்கு முன்னால் அது 'அஸ்' என்று மாறி, 'அஸ்ஸுக்கர்' என ஒலிக்கும். அண்டை அயலாரின் பேச்சைக் காதால் கேட்ட ஸ்பானியர்கள், இரண்டையும் ஒரே வார்த்தையாகவே ஏற்றுக்கொண்டார்கள். அரிசிக்கு 'அர்ரோஸ்' என்றும், எண்ணெய்க்கு 'அஸெய்தே' என்றும் அவர்கள் சொல்வதும் இப்படி வந்ததே. இத்தாலியரின் 'ஸுக்கெரோ'விலும், பிரெஞ்சுக்காரரின் 'ஸூக்ர்' என்பதிலும் அந்த ஒட்டு இல்லை.

அராபியருக்கு இவ்வார்த்தை எங்கிருந்து கிடைத்தது? பாரஸீகரின் 'ஷகர்' என்ற சொல்லிலிருந்து. பாரஸீகருக்கோ நம் தேசத்துச் 'சர்க்கரா'விலிருந்து. ஸம்ஸ்கிருதத்தில் அதற்கு முதலில் இனிப்பு என்ற அர்த்தமே கிடையாது. பருக்கைக்கல் என்றுதான் பொருள். காய்ச்சிய கரும்புச் சாறு இறுகிப் பொடிக்கல்லாக உதிர்ந்ததைக் கண்டு அப்பெயரை இட்டார்கள். நாம் சொல்லும் சர்க்கரையும் அதுவே.

"அப்படியானால் உலகத்துக்கே நாம்தான் சர்க்கரை கொடுத்தோம்!" என்று மாணவன் பூரித்துப் போனான். சாற்றை மணியாக்கும் வித்தையைக் கண்டது பாரத நாடு என்பதில் பெருமைப்படலாம். ஆனால் கரும்பை முதலில் பயிரிட்டவர்கள் நியூகினித் தீவினர். 1493-ல் கொலம்பஸ் தம் இரண்டாவது யாத்திரையில் கரும்பை அமெரிக்கத் தீவுகளுக்குக் கொண்டு சென்றார். பிறகு அதை நட்டு வெட்டுவதற்காக ஆப்பிரிக்க மக்களை விலங்கிட்டுக் கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்றார்கள். ஸ்பெயினின் ஆட்சியிலிருந்த கியூபாவில் அடிமைத்தனம் ஒழிந்தது 1886-ல்தான்.

வார்த்தையின் பிறப்பைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள், அது போன வழியில் சிந்திய கண்ணீரையும் மறக்கலாகாது. அன்று வகுப்பில் நான் சொல்லி முடித்தது இதைத்தான்.