உப்புக் காற்றில் ஒரு பழைய பிக்கப்



முல்லைத்தீவிலிருந்து வட்டுவாகல் பாலத்தைக் கடந்து பரந்தன் வீதியில் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் கடல். மறுபக்கம் நந்திக்கடல் களப்பு. இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலம்தான் முள்ளிவாய்க்கால். 2009 மே மாதத்தில் அந்தத் துண்டு நிலத்தில் மக்கள் பட்ட பாட்டை எழுத இங்கே இடம் போதாது. உயிரைக் காக்க அவர்கள் ஓட்டி வந்த டிராக்டர்களும் லொறிகளும் மோட்டார் சைக்கிள்களும் அந்த மணலிலேயே கைவிடப்பட்டன. பின்னர் அவ்வழியே போனவர்கள் அவை கறள் பிடித்துக் குவிந்து கிடந்ததைக் கண்டார்கள். உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

இன்று அதே கரையில் மீனும் ஐஸும் வலையும் ஏற்றிக்கொண்டு பிக்கப்புகள் ஓடுகின்றன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, யுத்தம் முடிந்தபின் நீராவிப்பிட்டி, தண்ணீரூற்றுப் பக்கம் திரும்பி வந்த நம் குடும்பங்களிலும் ஒரு பிக்கப்பை நம்பிப் பிழைப்பவர்கள் உண்டு. புதிய வாகனம் நம்மில் அநேகருக்கு எட்டாக் கனி. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியாருக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலை ஆகாயத்துக்கு ஏறியது. ஆகவே இருபது, முப்பது வருடம் ஓடிய ஹைலக்ஸையோ இசுசுவையோதான் நாம் தேடிப் போகிறோம். அதற்கும் உம்மாவின் காப்பும் மனைவியின் மாலையும் போய்விடுகின்றன.

என் மச்சான் ஒருவர் அப்படித்தான் ஒரு பிக்கப்பை வெளியூரில் வாங்கி வந்தார். பெயின்ட் பளபளத்தது. அடியிலும் புதிதாகக் கறுப்புத் தார் பூசியிருந்தது. "நல்லாப் பராமரிச்சிருக்கிறாங்க" என்று அவருக்கு ஒரே சந்தோஷம். மூன்றாம் மாதம் ஐஸ் பெட்டி ஏற்றும்போது கேபினுக்குப் பின்னால் செசி மடிந்து இறங்கியது. சுரண்டிப் பார்த்தால் தாருக்குக் கீழே பட்டி, பட்டிக்குக் கீழே ஓட்டை. அல்ஹம்துலில்லாஹ், ஓடும்போது மடியவில்லை. விற்றவரிடம் கேட்டதற்கு, "பார்த்துத்தானே எடுத்தீங்க நானா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

ஆகவே நேயர்களே, கரையோரத்தில் ஓடிய வாகனத்தை மேலே பார்த்து வாங்காதீர்கள். ஒரு சாக்கை விரித்துக் கீழே படுங்கள். வெள்ளை உடுப்போடு போகாமலிருப்பது நல்லது! சிறு சுத்தியலால் செசியை மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும். கறள் தின்ற இடம் மந்தமாகத் தொப்பென்று கேட்கும். அங்கே ஸ்குரூ டிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். முக்கியமாகப் பார்க்க வேண்டிய இடங்கள் கேபினுக்குப் பின்புறம், பின் அச்சுக்கு மேலே, வில்லுத்தகடு தொங்கும் கொளுவிகள். செசி பெட்டிபோல உள்ளே வெறுமையாக இருப்பதால் மணல் புகுந்து தங்கும். ஐஸ் உருகி ஒழுகும் மீன் தண்ணீர் அந்த மணலில் ஊறும். கறள் உள்ளிருந்துதான் வெளியே வருகிறது. வெளியே தார் பூசி அதை நிறுத்த முடியாது. தார் புதிதாக இருந்தால் இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள்.

படுத்த படுக்கையிலேயே பிரேக் குழாயையும் பாருங்கள். செசியோடு ஒட்டி ஓடும் மெல்லிய இரும்புக் குழாய் அது. அதைக் கறள் தின்றால் சாதாரணமாகப் பிரேக் பிடிக்கும்போது ஒன்றும் தெரியாது. பிள்ளையோ மாடோ குறுக்கே வந்து முழுப் பலத்தோடு மிதிக்கும் அந்த ஒரு தடவையில்தான் வெடிக்கும். நம் ஊர்களில் பிக்கப்பின் பின்னால் மீன் மட்டுமா போகிறது? கலியாண வீட்டுக்குப் பெண்களும் மத்ரஸாவுக்குப் பிள்ளைகளும் போகிறார்கள். என்ஜினை ஆயிரம் தரம் பார்க்கிறவர்கள் இந்தக் குழாயை ஒரு தரமும் பார்ப்பதில்லை. புதிதாக மாற்றும் செலவு என்ஜின் வேலையோடு ஒப்பிட்டால் சொற்பம்.

பல பிக்கப்புகளில் பின் அச்சுக்கு அருகே, பாரத்துக்கு ஏற்பப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் சிறு வால்வு ஒன்று உண்டு. பாரம் கூட ஏற்றலாம் என்று மேலதிக வில்லுத்தகடு போடுகிறவர்கள் அதன் கணக்கைக் குழப்பிவிடுகிறார்கள். தகடு தாங்கினாலும் செசி தாங்குமா?

இனி என்ஜின். சொல்லாமல் காலையில் போங்கள். பொனட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆகாத வண்டியை உங்களுக்காக முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். குளிர்ந்தபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தால், தண்ணீரில் குமிழிகள் விடாமல் வரக்கூடாது. ஒயில் மூடியின் அடியில் பால் கோப்பி நிறத்தில் பசை இருக்கக்கூடாது. இரண்டும் ஹெட் கேஸ்கட் போனதன் அடையாளம். கூலன்டுக்குப் பதிலாக உவர்க் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டிகளில் இது அதிகம். புகை நீலமாக வந்தால் ஒயில் எரிகிறது. கறுப்பாக வந்தால் இன்ஜெக்டரையோ காற்று வடிகட்டியையோ பாருங்கள். பழைய டீசல் ஹைலக்ஸ் என்றால் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். ஏறக்குறைய இலட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது அது. அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும்.

மண்ணெண்ணெய் பற்றியும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் சில துளி பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் கார் ஓட்டினார்கள். ஏ-40களும் மொரிஸ் மைனர்களும் அதைத் தாங்கின. அந்தத் திறமை மெச்சத்தக்கதுதான். ஆனால் டீசல் பம்ப் வேறு சாதி. டீசலின் வழவழப்பில்தான் அதன் உள்ளுறுப்புகள் தேயாமல் ஓடுகின்றன. படகு மோட்டாருக்கு வாங்கிய மண்ணெண்ணெயை டீசலோடு கலந்தால் பம்ப் தேய்கிறது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அரை மணி நேரம் ஓட்டி, நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்துத் திரும்ப ஸ்டார்ட் செய்யுங்கள். குளிரில் நன்றாகப் பிடித்த வண்டி சூட்டில் இழுத்து இழுத்துப் பிடித்தால் பம்ப் தேய்ந்திருக்கக் கூடும்.

பத்திரத்தில் செசி இலக்கமும் என்ஜின் இலக்கமும் வாகனத்தோடு ஒத்திருக்க வேண்டும். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால் கடன் முடிந்ததற்கான கடிதம் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள்.

விற்கிற சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்ட சம்பவம் நாம் அறிந்ததே. மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னார். அப்படியானால் மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அவர்கள் கேட்டார்கள். செசியில் பூசும் தாரும் அந்தக் குவியலின் மேற்புறக் காய்ந்த தானியமும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகின்றன. அறிந்த குறையை மறைத்து விற்றால், வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை மார்க்கத்தில் உண்டு. "பார்த்துத்தானே எடுத்தீங்க" என்பது அதற்குப் பதிலாகாது.

மச்சானின் பிக்கப் இப்போது வேறு செசித் துண்டு ஒட்டி, பிரேக் குழாய் முழுவதும் மாற்றி ஓடுகிறது. மாலை இன்னும் திரும்பி வரவில்லை. ஒவ்வொரு நாளும் மீன் இறக்கியதும் முள்ளியவளைப் பக்கம் ஒரு நல்ல தண்ணீர்க் கிணற்றடியில் நிறுத்தி, தகரத்தை விட்டுவிட்டு அடிப்பாகத்தை முதலில் கழுவுகிறார்.