நினைவகப் பட்டையகல அளவீடு

நினைவகப் பட்டையகல அளவீடு என்பது ஒரு கணினியின் செயலிக்கும் முதன்மை நினைவகத்துக்கும் இடையே ஒரு நொடியில் கடத்தப்படும் தரவின் அளவைக் கண்டறிதல் ஆகும். வழங்கிக் கணினிகளில் இது பெரும்பாலும் செயலியினுள்ளேயே அமைந்துள்ள வன்பொருள் செயல்திறன் எண்ணிகளைக் கொண்டு செய்யப்படுகிறது. ஒரு நிரல் தான் கேட்ட பைட்டுகளை மட்டுமே அறியும். நினைவகத் தடங்களில் உண்மையில் பயணித்த பைட்டுகளை அறியாது. இவ்விரு எண்களும் பல வேளைகளில் ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே, ஒரு நிரலின் வேகம் நினைவகத்தால் தடைப்படுகிறதா, கணக்கீட்டால் தடைப்படுகிறதா என்று முடிவு செய்ய எண்ணிகள் தேவைப்படுகின்றன.

உச்ச அளவு

எந்த அளவீட்டையும் ஒப்பிடுவதற்குக் கோட்பாட்டு உச்ச அளவு தெரிந்திருக்க வேண்டும். டி.டி.ஆர்.4-2666 வகை நினைவகத்தின் ஒரு தடம் நொடிக்கு ஏறத்தாழ 266.7 கோடி முறை, முறைக்கு 8 பைட்டு வீதம் தரவைக் கடத்தவல்லது. அதாவது நொடிக்கு 21.3 கிகாபைட்டு. 2017இல் இன்டெல் வெளியிட்ட ஸ்கைலேக் வகை சியோன் செயலிகளில் ஆறு தடங்கள் உள்ளதால் உச்ச அளவு 128 கிகாபைட்டு ஆகிறது. நடைமுறையில் இவ்வளவை எட்ட இயலாது. நினைவகச் சில்லுகளுக்கு அவ்வப்போது புதுப்பித்தல் தேவை. படித்தலிலிருந்து எழுதுதலுக்கு மாறும்போதும் தடம் சிறிது நேரம் வெறுமையாக இருக்கும்.

எண்ணிகள் அமைந்துள்ள இடம்

செயல்திறன் எண்ணி என்பது குறிப்பிட்ட ஒரு நிகழ்வு நடக்கும்போதெல்லாம் ஒன்று கூடும் ஒரு பதிவகம். இன்டெல் செயலிகளில் இவை 1993இல் பென்டியத்துடன் அறிமுகமாயின. அவை செயலியின் கருவுக்குள் நிகழ்பவற்றை எண்ணின. கருவில் உள்ள எண்ணிகளைக் கொண்டு பட்டையகலத்தைக் கணிக்கும் முறை இன்றும் பலரால் பின்பற்றப்படுகிறது. கடைநிலைப் பதுக்கு நினைவகத்தில், அதாவது கேஷில், தேடிய தரவு கிடைக்காமற் போன தடவைகளை எண்ணி, ஒரு பதுக்கு வரியின் நீளமாகிய 64 பைட்டால் பெருக்குவதே அம்முறை.

எளிதாயினும் இம்முறை நம்பத்தக்கதன்று. தரவு கேட்கப்படுமுன்பே வன்பொருள் அதனை ஊகித்து எடுத்து வைப்பதுண்டு. முன்கொணர்தல் எனப்படும் இச்செயலால் நினைவகத்தில் போக்குவரத்து நிகழ்ந்தாலும், நிரல் நேரடியாகக் கேட்டுத் தவறியவற்றை மட்டும் எண்ணும் எண்ணியில் அது சேராது. மாற்றப்பட்ட பதுக்கு வரிகள் பின்னர் நினைவகத்துக்குத் திரும்ப எழுதப்படுவதும், வலைப்பின்னல் அட்டை போன்ற கருவிகள் நேரடியாக நினைவகத்தை அணுகுவதும் அவ்வாறே விடுபடும். ஊருக்குள் வரும் வண்டிகளைச் சுங்கச்சாவடியில் எண்ணாமல் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் எண்ண முயல்வதற்கு இதனை ஒப்பிடலாம்.

சுங்கச்சாவடி நினைவகக் கட்டுப்படுத்தியே. முன்பு அது தாய்ப்பலகையில் தனிச் சில்லாக இருந்தது. ஏ.எம்.டி.யின் ஆப்டெரான் (2003), இன்டெலின் நெகலெம் (2008) ஆகியவற்றில் அது செயலிக்குள்ளேயே இடம்பெற்றது. 2012இல் வெளியான சியோன் ஈ5-2600 வரிசையில் ஒவ்வொரு நினைவகத் தடத்துக்கும் தனி எண்ணிகள் உள்ளன. அவற்றைப் பயன்படுத்தும் முறையை இன்டெல் ஆவணமாகவும் வெளியிட்டது. கருவுக்கு வெளியே இருப்பதால் இவை அன்கோர் எண்ணிகள் எனப்படுகின்றன. நினைவகத்துக்கு அனுப்பப்படும் ஒவ்வொரு படிப்புக் கட்டளையையும் எழுத்துக் கட்டளையையும் இவை எண்ணும். சி.ஏ.எஸ். எனப்படும் இக்கட்டளை ஒவ்வொன்றும் 64 பைட்டைக் கடத்துகிறது. எனவே இரு எண்ணிக்கைகளையும் கூட்டி, 64ஆல் பெருக்கி, கழிந்த நேரத்தால் வகுத்தால் பட்டையகலம் கிடைக்கும். இவை 48 இரும எண்ணிகள் ஆதலின், தடம் உச்ச வேகத்தில் இயங்கினாலும் நிரம்பி மீண்டும் சுழியத்துக்குத் திரும்ப ஒரு வாரத்துக்கு மேலாகும்.

எடுத்துக்காட்டு

நினைவகப் பட்டையகலத்தைச் சோதிக்கப் பரவலாகப் பயன்படும் நிரல் ஸ்ட்ரீம் ஆகும். இதனை ஜான் மெக்கால்பின் 1991இல் உருவாக்கினார். இதன் முதற் பகுதி ஓர் அணியை மற்றோர் அணிக்குப் படியெடுக்கிறது.

ஒவ்வோர் அணியிலும் 8 பைட்டு நீளமுள்ள 10 கோடி எண்கள் இருப்பதாகவும், படியெடுக்க 24 மில்லிநொடி ஆவதாகவும் கொள்வோம். ஸ்ட்ரீமின் கணக்குப்படி 80 கோடி பைட்டு படிக்கப்பட்டு, 80 கோடி பைட்டு எழுதப்பட்டது; பட்டையகலம் நொடிக்கு 66.7 கிகாபைட்டு. மேலே கூறிய ஆறு தட வழங்கியில் இது உச்ச அளவின் 52 விழுக்காடு. பாதித் திறன் எஞ்சியுள்ளதாகவே தோன்றும்.

ஆனால் வழக்கமான எழுதுதலின்போது, எழுதப்படவுள்ள பதுக்கு வரியைச் செயலி முதலில் நினைவகத்திலிருந்து படித்துக்கொள்கிறது. ஆகவே கட்டுப்படுத்தியின் எண்ணிகள் 2.5 கோடி படிப்புகளையும் 1.25 கோடி எழுத்துகளையும் காட்டும். இது 240 கோடி பைட்டு. நொடிக்கு 100 கிகாபைட்டு. உச்ச அளவின் 78 விழுக்காடு. நினைவகம் ஏறக்குறைய நிரம்பிவிட்டது என்பதே உண்மை நிலை. இந்நிலையில் மேலும் கருக்களை ஈடுபடுத்துவதால் பெரிதாகப் பயனில்லை. மாறாக, பதுக்கு நினைவகத்தைத் தவிர்த்து நேரடியாக எழுதும் கட்டளைகளைப் பயன்படுத்தினால் தேவையற்ற படிப்பு நீங்கும். நிரலின் கணக்கும் எண்ணியின் கணக்கும் நெருங்கிவரும். சில நிரல்மொழிமாற்றிகள் இக்கட்டளைகளைத் தாமாகவே இடுவதால், ஒரே மூலநிரல் இருவேறு விகிதங்களைக் காட்டக்கூடும். 2021இல் வந்த ஐஸ்லேக் சியோன்களோ, நினைவகம் நிரம்பும் நிலையில் இந்த முன்படிப்பை வன்பொருளிலேயே தவிர்க்க முயல்கின்றன.

இவ்வாறு விடை முன்கூட்டியே தெரிந்த ஒரு வேலையைக் கொடுத்து எண்ணிகளைச் சரிபார்த்த பின்னரே அறியாத நிரல்களை அளப்பது நல்ல வழக்கம்.

கருவிகள்

லினக்சு இயங்குதளத்தின் பெர்ஃப், எர்லாங்கன் பல்கலைக்கழகக் கணினி மையத்தில் உருவான லிக்விட், இன்டெலின் பி.சி.எம். ஆகியவை இவ்வெண்ணிகளைப் படிக்கும் கட்டற்ற மென்பொருள்கள்.

வரம்புகள்

கட்டுப்படுத்திக்கு எந்த நிரலுக்காகத் தரவு கேட்கப்பட்டது என்பது தெரியாது. ஆகையால் எண்ணிக்கை முழுச் செயலிக்கும் உரியது. அதே நேரத்தில் இயங்கும் பிற நிரல்களின் போக்குவரத்தும் அதில் கலந்திருக்கும். இக்குறையை ஓரளவு போக்க, 2016இல் வந்த சியோன் ஈ5 நான்காம் பதிப்பில் நினைவகப் பட்டையகலக் கண்காணிப்பு என்னும் வசதி சேர்க்கப்பட்டது. இதில் ஒவ்வொரு நிரல் குழுவுக்கும் ஓர் அடையாள எண் இடப்பட்டு, அதன் போக்குவரத்து தனியே கணக்கிடப்படுகிறது.

இரு செயலிகள் கொண்ட வழங்கியில் ஒவ்வொன்றுக்கும் தனி நினைவகம் உண்டு. ஒரு செயலியில் இயங்கும் நிரல் மற்றதன் நினைவகத்தைப் படித்தால், அப்படிப்பு நினைவகம் இணைந்துள்ள செயலியின் எண்ணியிலேயே பதிவாகும். ஒரு பக்கத்தை மட்டும் பார்ப்போர் நிரல் சும்மா இருப்பதாகக் கருதிவிடலாம்.

அளவிடும் இடைவெளியும் கவனத்துக்குரியது. நொடிக்கு ஒருமுறை எண்ணியைப் படித்தால் கிடைப்பது அந்நொடியின் சராசரி மட்டுமே. நூறு மில்லிநொடி முழு வேகத்தில் இயங்கி, எஞ்சிய நேரம் ஓய்ந்திருக்கும் நிரல், சராசரியில் பத்தில் ஒரு பங்கையே பயன்படுத்துவதாகத் தெரியும். அந்த நூறு மில்லிநொடியில் அருகிலுள்ள நிரல்கள் காத்திருந்தது அவ்வெண்ணில் தெரியாது.